இருமலுக்கு ஒரு புட்டி மருந்து: பெங்களூரு, சென்னைக் காசநோய் ஆய்வுகளும் அவற்றுக்கு உட்பட்ட நோயரும்

பெங்களூரு பல்லாரி சாலையில் ‘அவலான்’ என்ற பெயர் கொண்ட வளாகத்தில் 1959இல் தேசியக் காசநோய் நிறுவனம் அமைந்தது. 1960 செப்டம்பர் 16 அன்று ஜவாஹர்லால் நேரு அதனை முறைப்படி திறந்து வைத்தார். நாடு முழுமைக்கும் பொருந்தக்கூடிய ஒரு காசநோய்த் திட்டத்தை, அதுவும் ஏழை நாடு தாங்கக்கூடிய செலவில், வகுத்துத் தருவதே அதற்கு இடப்பட்ட பணி. மருத்துவர், நுண்ணுயிரியலாளர், புள்ளியியலாளர் ஆகியோரோடு சமூகவியலாளருக்கும் அங்கே இடமளிக்கப்பட்டது. அக்கால மருத்துவ ஆய்வு நிறுவனங்களில் இது அரிது. அந்த இடத்தில் அமர்ந்தவர்கள் எழுப்பிய கேள்வி மிக எளியது: காசநோய் உள்ள ஒருவருக்குத் தமக்கு நோய் இருப்பது தெரியுமா, தெரிந்தால் அவர் என்ன செய்கிறார்?

மருத்துவ ஆய்வில் மனிதர் பங்கேற்ற வரலாறு பெரும்பாலும் ஆவணங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1947இன் நியூரம்பர்க் நெறிகள், 1964இன் ஹெல்சிங்கி அறிவிப்பு, 1980இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறை அறிக்கை என்று அது வரிசைப்படும். ஒப்புதல் படிவத்தில் கையொப்பமோ கைநாட்டோ இடும் கணத்தில்தான் நோயர் ஒரு முடிவை எடுக்கிறார் என்பது இவ்வரலாற்றின் உள்ளுறை அனுமானம். தும்கூர் மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து கிடைத்த சான்று வேறொன்றைச் சொல்கிறது. ஆய்வாளர் வாசலுக்கு வருமுன்பே நோயர் பல மாதங்கள் நோயோடு வாழ்ந்து, கவலைப்பட்டு, எங்கோ நடந்து சென்று, ஏதோ ஒரு விடையைப் பெற்றுத் திரும்பியிருந்தார். ஆய்வை அவர் எதிர்கொண்டது அந்த அனுபவத்தின் ஊடாகத்தான்.

1950களின் நடுவில் நிலைமை என்ன என்பதைச் சுருக்கமாக நினைவுகொள்வது நல்லது. 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பு, காசநோய் நகரத்து நோய் என்ற நம்பிக்கையைத் தகர்த்தது. சிற்றூர்களிலும் அது ஏறத்தாழ அதே அளவில் இருந்தது. நோயர் பல இலட்சம், மருத்துவமனைப் படுக்கைகள் அவற்றில் மிகச் சிறு பகுதி. நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகிய மூன்றையும் அடித்தளமாகக் கொண்ட சானடோரியம் சிகிச்சைதான் முறையான சிகிச்சை என்று மருத்துவ உலகம் எண்ணியிருந்தது. சென்னைப் புறநகர் ரயில் பாதையில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று இன்றும் ஒரு நிலையம் இருக்கிறது. தினமும் அதில் இறங்கி ஏறுவோரில் பலர் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் அச்சொல்லைக் கேட்டாலே குடும்பங்கள் குலைநடுங்கின.

இப்பின்னணியில் 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் அதன் பங்காளிகள். வாலஸ் ஃபாக்ஸ் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். பிரிட்டிஷ் கவுன்சிலுக்கு இத்துறையில் முன்அனுபவம் இருந்தது. 1948இல் வெளியான அதன் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் 107 நோயர் இருந்தனர். 55 பேருக்கு மருந்தும் ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். மருந்து தட்டுப்பாடாக இருந்ததால் குலுக்கல் முறை நியாயமானதே என்பது ஆய்வாளர் வாதம். மருந்து பெறாத 52 பேரிடம் தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே சொல்லப்படவில்லை. நவீன மருத்துவத்தின் முன்மாதிரி ஆய்வென்று பாடநூல்கள் போற்றும் ஒன்று, அதற்கு உட்பட்டோரில் பாதிப்பேரின் அறிதலுக்கு அப்பால் நடந்தேறியது.

சென்னை ஆய்வில் 193 நோயர் சேர்க்கப்பட்டனர். நெரிசல் மிகுந்த, வறிய குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினர் சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டனர். மற்றவர்கள் வீட்டிலிருந்தபடியே மருந்துண்டனர். இரு பிரிவினருக்கும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். ஆகிய அதே மருந்துகள், ஓராண்டுக் காலம், கட்டணமின்றி. 1959இல் வெளியான முடிவு உலகின் காசநோய்க் கொள்கையையே மாற்றியது. வீட்டில் உணவு குறைவு, ஓய்வு குறைவு, இடம் குறைவு; ஆயினும் குணமடைந்தோர் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டாருக்கு நோய் தொற்றும் அபாயமும் அதனால் கூடவில்லை என்பதை ஐந்தாண்டுத் தொடர்கண்காணிப்பு காட்டியது. தொற்ற வேண்டியது, நோய் கண்டறியப்படுமுன்பே பெரும்பாலும் தொற்றிவிட்டிருந்தது.

நோயரின் நோக்கில் இந்த ஆய்வை வாசித்தால் வேறொரு தோற்றம் கிடைக்கிறது. படுக்கைக்காகக் காத்திருந்தே மாண்டுபோகும் நிலையில் இருந்த ஒருவருக்கு, குலுக்கலின் இரு முனைகளிலும் மருந்து இருந்தது. லண்டனில் குலுக்கல் பற்றாக்குறையைப் பங்கிட்டது. சென்னையில் அது வேறெங்கும் கிட்டாத ஒன்றை இருவருக்கும் தந்தது. ‘தன்னார்வப் பங்கேற்பு’ என்ற சொல்லை அத்தகைய இடத்தில் எப்படிப் பொருள்கொள்வது என்பது இன்றும் ஆய்வுநெறித் துறையில் தீராத வழக்கு. சிகிச்சைக்கான வேறு கதவு அடைபட்டிருக்கும்போது ஆய்வின் கதவுக்குள் நுழைவதை விருப்பம் என்பதா, வேறு வழியின்மை என்பதா? இரண்டும் ஒரே மனிதரிடம் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதைச் சட்டமொழி எளிதில் ஏற்பதில்லை.

மருந்துண்ணும் பழக்கத்தைப் பற்றி ஃபாக்ஸ் 1958இல் எழுதியவை இவ்விடத்தில் முக்கியமானவை. பி.ஏ.எஸ். மாத்திரைகள் பெரியவை; நாளொன்றுக்குப் பலவற்றை விழுங்க வேண்டும்; குமட்டலும் வயிற்றுக் கோளாறும் அவற்றோடு வரும். முதல் சில வாரங்களில் இருமல் அடங்கி, காய்ச்சல் தணிந்து, உடலில் தெம்பு திரும்பியதும் நோயருக்கு மருந்தின் தேவை மங்கிவிடுகிறது. கிருமி இன்னும் உள்ளே இருக்கிறது என்பது ஆய்வகத்தின் அறிவு; நோய் போய்விட்டது என்பது உடலின் அறிவு. ஆய்வகம் தன் அறிவை நிலைநாட்ட எதிர்பாராத வேளையில் வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணியது, சிறுநீரைச் சோதித்தது. நோயரை நம்பாத இந்த ஏற்பாடு சற்று உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சோதனைகள்தாம் ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தன: மருந்தைக் கைவிடுவது ஏழைகளின் அறியாமையால் மட்டும் நேர்வதன்று, நலம் திரும்பியதாக உணரும் எவரும் செய்யக்கூடியது. பின்னர் வாரம் இருமுறை மேற்பார்வையில் மருந்து தரும் முறையைச் சென்னை மையம் சோதித்து 1964இல் வெளியிட்டது. இன்று உலகெங்கும் அறியப்பட்ட நேரடி மேற்பார்வைச் சிகிச்சையின் வேர்களுள் ஒன்று அது. மாத்திரையை உண்ணாமல் விட்ட நோயர், பெயரறியா வகையில், அடுத்த ஆய்வின் கேள்வியை உருவாக்கிவிட்டனர்.

இனித் தும்கூர். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அம்மாவட்டத்தில் 1960-61இல் தேசியக் காசநோய் நிறுவனம் பெருமளவிலான கணக்கெடுப்பொன்றை நடத்தியது. டியூபர்குலின் ஊசி, எக்ஸ்-ரே, சளிச் சோதனை ஆகியவற்றின் வழியே ஊர்தோறும் நோயர் கண்டறியப்பட்டனர். அடுத்த கட்டமாக மருத்துவரும் மானுடவியல் பயிற்சி பெற்றவருமான டி. பானர்ஜியும் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சமூகவியலாளர் ஸ்டிக் ஆண்டர்சனும் அந்த நோயரையும் அவர்களோடு ஒப்பிடத்தக்க நோயற்றோரையும் நேர்காண ஏற்பாடு செய்தனர். 1963இல் உலக சுகாதார நிறுவன இதழில் அக்கட்டுரை வெளிவந்தது. பெங்களூரு நகரத்துச் சிகிச்சைத் திட்டத்தைப் பற்றி அதே இருவர் எழுதிய இன்னொரு கட்டுரையும் அதே தொகுதியில் உண்டு.

அக்காலத் திட்டமிடுவோரிடையே ஒரு கருத்து ஊன்றியிருந்தது. கிராமத்தார் அறியாமையில் மூழ்கியவர்கள், விதியை நம்புபவர்கள், இருமலைப் பொருட்படுத்தாதவர்கள். ஆகவே எக்ஸ்-ரே வண்டிகளை ஊர் ஊராக ஓட்டி, நோயரை அவர்கள் இருக்கும் இடத்திலேயே ‘பிடிக்க’ வேண்டும் என்பது அது. மேலை நாடுகளில் அத்தகைய வண்டிகள் ஓடிய காலமும் அதுதான். தும்கூர் தந்த விடை இக்கருத்துக்கு நேர் எதிரானது. தொற்றும் நிலையிலிருந்த நோயருள் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் தம் உடலில் அறிகுறிகள் இருப்பதை உணர்ந்திருந்தனர். 72 விழுக்காட்டினருக்கு அது கவலையளித்தது. 52 விழுக்காட்டினர் கவலையோடு நில்லாமல் அரசு மருத்துவ நிலையங்களை நாடியும் சென்றிருந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு புட்டி இருமல் மருந்து.

இந்த எண்களை எத்தனை முறை வாசித்தாலும் அவற்றின் கனம் குறைவதில்லை. பேருந்து வசதி குறைந்த ஊர்களிலிருந்து, ஒரு நாள் கூலியை இழந்து, இருமிக்கொண்டே மருந்தகத்துக்குச் சென்றவர்களில் பெரும்பாலோர் சளியை எவரும் சோதிக்காமலே திருப்பியனுப்பப்பட்டனர். இவர்களைத்தான் ஆவணங்கள் ‘அக்கறையற்றவர்கள்’ என்று குறித்துவந்தன. அக்கறையின்மை மருந்தகத்தின் மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது. பானர்ஜி பிற்காலத்தில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவத் துறையைக் கட்டியெழுப்பியபோதும் இந்தக் கண்டுபிடிப்பையே மீண்டும் மீண்டும் எடுத்துரைத்தார். இந்தியப் பொதுச் சுகாதாரச் சிந்தனையில் ‘உணரப்பட்ட தேவை’ என்ற தொடர் வேரூன்றியதில் தும்கூருக்குப் பெரும் பங்குண்டு.

நடைமுறை விளைவும் ஏற்பட்டது. 1962இல் உருப்பெற்ற தேசியக் காசநோய்த் திட்டம், எக்ஸ்-ரே வண்டிகளை மையமாகக் கொள்ளாமல், இருமலோடு தாமாகவே பொது மருத்துவ நிலையத்துக்கு வருவோரின் சளியை நுண்ணோக்கியில் பார்ப்பதை அடிப்படையாக்கியது. நோயர் ஏற்கனவே நடந்து வருகிறார். வந்தவரைச் சரியாகக் கவனிப்பதே முதல் வேலை என்பது அதன் தருக்கம். அக்காலத்தில் இந்தியாவில் பணியாற்றி, இச்சிந்தனையோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்த ஹாஃப்டான் மாலர் 1973இல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநரானார். 1978ஆம் ஆண்டு ஆல்மா-ஆட்டா மாநாட்டின் அடிப்படைச் சுகாதாரக் கொள்கைக்குப் பின்னாலிருந்த முக்கிய ஆளுமை அவரே. திட்டம் தாளில் இருந்ததுபோல் ஊரில் நடந்ததா என்பது வேறு கதை; மருந்துத் தட்டுப்பாடும் ஆள் தட்டுப்பாடும் அதனைப் பல பத்தாண்டுகள் நலிவித்தன.

ஆனால் பெங்களூரு நிறுவனத்தின் வரலாற்றில் இதற்கு நேர் அருகிலேயே இன்னொரு ஆய்வு இருக்கிறது. அதைப் பேசாமல் தும்கூரைப் புகழ்வது நேர்மையாகாது. 1961 முதல் 1968 வரை பெங்களூரு மாவட்டத்தின் மூன்று வட்டங்களில் 119 சிற்றூர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவற்றின் மக்கள் ஐந்தாண்டு இடைவெளிக்குள் நான்கு முறை சோதிக்கப்பட்டனர். தீவிரத் தடுப்பு நடவடிக்கைகள் இல்லாத சூழலில் காசநோய் எப்படி இயங்குகிறது என்பதை அறிவதே நோக்கம். முதற் சுற்றில் சளியில் கிருமியோடு கண்டறியப்பட்ட 126 பேரின் கதி 1974இல் வெளியான அறிக்கையில் உள்ளது. ஐந்தாண்டு முடிவில் 49 விழுக்காட்டினர் இறந்துவிட்டனர். 33 விழுக்காட்டினர் கிருமியற்ற நிலையை அடைந்தனர். எஞ்சிய 18 விழுக்காட்டினரின் சளியில் கிருமி தொடர்ந்து காணப்பட்டது. காசநோயின் ‘இயற்கைப் போக்கு’ என்று உலகப் பாடநூல்கள் இன்றும் காட்டும் எண்கள் இவை. உலகின் எந்த மூலையில் ஒரு மாணவர் அந்த வரைபடத்தைப் படித்தாலும், அதன் கோடுகள் பெங்களூரைச் சுற்றிய ஊர்களின் இடுகாட்டிலிருந்தும் வயல்களிலிருந்தும் வந்தவை.

இவ்வாய்வை அமெரிக்காவின் டஸ்கிகீ ஆய்வோடு சமன்படுத்துவது பிழை. அங்கே 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களுக்கு அவர்களின் நோய் பற்றிப் பொய் சொல்லப்பட்டது. மருந்து எளிதில் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அது அவர்களுக்கு மறுக்கப்பட்டது. பெங்களூரு ஊர்ப்புறத்தில் சிகிச்சை அமைப்பே அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. எனினும் ஒரு கேள்வி நிற்கிறது. ஐசோனியசிட் 1952 முதல் பயன்பாட்டில் இருந்தது; வீட்டிலேயே சிகிச்சை தரலாம் என்பதைச் சென்னை 1959இலேயே நிறுவிவிட்டது; ஹெல்சிங்கி அறிவிப்பு ஆய்வின் நடுக்காலத்தில் வெளியாயிற்று. நான்காம் சுற்றுக்கு வண்டி ஊருக்குள் நுழைந்தபோது, முதற் சுற்றில் தம்மோடு வரிசையில் நின்றவர்களில் சிலர் உயிரோடு இல்லை என்பது ஊராருக்குத் தெரிந்திருக்கும். வண்டி வருகிறது, கையில் ஊசி போடுகிறது, மார்பைப் படம் பிடிக்கிறது, சளியை வாங்கிச் செல்கிறது. இருமுபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் மருந்தகமும் ஆய்வு வண்டியும் அரசின் இரு கைகள். அடுத்த ஆய்வாளரிடம் அவ்வூரார் காட்டும் முகம், நம்பிக்கையாயினும் தயக்கமாயினும், இவ்விரு கைகளும் முன்பு என்ன தந்தன என்பதைப் பொறுத்ததாகவே இருந்திருக்க முடியும்.

1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வு இதனினும் பெரிது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் அடங்கினர். பெங்களூரு நிறுவனமும் சென்னை மையமும் அதில் பங்குகொண்டன. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்ற அதன் முடிவு 1979இல் வெளியாகி உலகையே திகைக்க வைத்தது. இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம்: அதில் பங்குகொண்டோரில் மிகப் பெரும்பாலோர் நோயற்றவர்கள். நோயருக்கு ஆய்வில் ஓர் எதிர்பார்ப்பு உண்டு. நலமாயிருப்பவருக்கு அழைப்பவர் மீதுள்ள மதிப்போ அச்சமோதான் உண்டு. இவ்விரு பங்கேற்புகளையும் ‘ஒத்துழைப்பு’ என்ற ஒரே தலைப்பின்கீழ் எண்ணியது அக்கால அறிக்கைகளின் குறை.

1980க்குப் பின் நெறிமுறைகள் விரிவடைந்தன. 2000இலும் 2006இலும் 2017இலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் விரிவான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. நெறிமுறைக் குழுக்கள் வந்தன, தாய்மொழியில் ஒப்புதல் படிவங்கள் வந்தன. படிவம் வந்ததும், தும்கூரில் கேட்கப்பட்ட கேள்வி சற்றே பின்தள்ளப்பட்டதோ என்று ஐயுற இடமுண்டு. நோயர் எதை அறிந்துகொண்டு கையொப்பமிட்டார் என்று கேட்கிறோம்; அவர் என்ன பட்டறிவோடு வந்தமர்ந்தார் என்று கேட்பது குறைந்துவிட்டது.

2019 முதல் 2021 வரை நாடு தழுவிய காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பு நடந்தது. அறிகுறிகள் இருந்தவர்களுள் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் மருத்துவ உதவியை நாடவில்லை என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. காரணம் கேட்டபோது, அவர்களில் 68 விழுக்காட்டினர் அறிகுறிகளைப் பொருட்படுத்தவில்லை என்ற விடை பதிவாயிற்று. பலரும் இதை 1963இன் 52 விழுக்காட்டோடு அருகருகே வைத்து, மக்களின் அக்கறை குறைந்துவிட்டது என்று முடிவுகட்ட முனைவர். அது தவறான ஒப்பீடு. தும்கூர் எண்கள் காசநோய் உறுதிப்பட்டவர்களைப் பற்றியவை. அண்மை எண்கள் இருமலோ காய்ச்சலோ எடைக்குறைவோ இருந்த அனைவரையும் பற்றியவை. இரண்டாவதாக, ‘பொருட்படுத்தவில்லை’ என்பது கணக்கெடுப்புப் படிவத்தின் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் குறியிட்டவருள் எத்தனை பேர் முன்பொருமுறை சென்று ஒரு புட்டி மருந்தோடு திரும்பியவர்கள் என்பதை அறியப் படிவத்தில் இடமில்லை. பானர்ஜியும் ஆண்டர்சனும் செய்தது அந்தக் கட்டத்துக்குப் பின்னாலிருந்த கதையைக் கேட்டதே.

கர்நாடகத்தின் மங்களூரில் பணியாற்றும் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் தலைமையில், சென்னை மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு இணைந்து, ஜார்க்கண்டில் ஓர் ஆய்வு நடந்தது. 2023இல் வெளியான அதன் முடிவு, 1956 ஆய்வு மூடிவிட்டதாகக் கருதப்பட்ட ஒரு கதவைத் திறந்தது. மருந்து இருந்தால் உணவு தீர்மானிக்கும் காரணியன்று என்பதே சென்னையிலிருந்து கொள்கை வகுப்போர் எடுத்துக்கொண்ட பாடம். அதன் பெயரால் நோயரின் பசி அரை நூற்றாண்டுக்கு மேல் மருத்துவக் கேள்வியாகவே கருதப்படாமல் இருந்தது. ஜார்க்கண்ட் ஆய்வில் இரு பிரிவுகளிலும் நோயர் அனைவருக்கும் மாதந்தோறும் 10 கிலோ உணவுத் தொகுப்பு வழங்கப்பட்டது. ஒரு பிரிவில் வீட்டாருக்கும் அரிசியும் பருப்பும் தரப்பட்டன. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது.

மறுபிரிவின் வீட்டார் வழக்கமான ரேஷனோடு இருந்தனர். அவர்கள் வீட்டு நோயருக்கு மாதந்தோறும் வந்த அரிசியும் பருப்பும் பால்மாவும் எண்ணெயும் அவருடைய தட்டில் மட்டுமே விழுந்தனவா, பிள்ளைகளின் தட்டுகளுக்கும் சென்றனவா என்பதை எந்த நெறிமுறைக் குழுவும் விதித்துவிட முடியாது.